முதலாளி கொடுத்த துண்டு

1967, மாசி, செவ்வாய் இரவு.

கல்லூரியை விட்டு நான் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டேன். சுப்பு மட்டும் அங்கே படித்துக்கொண்டே நாடகம் போடுகிறான். நாடகத்துக்கும் அவன் படிப்புக்கும் பணம் தருவது எங்கள் முதலாளி. நாளை சுப்புவுக்குக் கொடுமைக்கார முதலாளி வேஷம். எங்கள் முதலாளியின் இருமலை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இன்று அவர் என் மெஷின் பக்கம் வந்தார்.

"ஏங்கண்ணு, சுப்புவுக்கு முதலாளி வேஷமாமா?"

"ஆமாங்க."

தோளிலிருந்த சரிகைத் துண்டை என் கையில் வைத்தார்.

"இதையே போட்டுக்கச் சொல்லு. ஆரைச் சொல்றீங்கன்னு ஊருக்கே தெரியட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

துண்டோடு சுப்புவிடம் ஓடி, அவர் சொன்னதைச் சொன்னேன்.

"அந்த இருமலை மட்டும் உட்டுர்றா."

"போடா பயந்தாங்கொள்ளி! அதுக்குத்தான் கைதட்டுவாங்க."

அவன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.