நட்சத்திரப் படத்துல நான் இல்ல

ஏ புள்ள, சொகமா? இடுப்பு வலி தேவலையா? எனக்கு ஒரு கொறையுமில்ல.

கட்டடம் கட்டுற எடத்துல நான் காவல் காக்குற கேட்டு முன்னாடி ஒரு போட்டோக்காரர் கேமராவ விடிய விடிய தெறந்தே வெச்சிருந்தாரு. படத்துல நட்சத்திரமெல்லாம் நகந்து கோடு கோடா விழுந்திருக்கு. வெள்ளைன்னு நெனச்சோமே, ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம்!

பாப்பாவுக்கு என் மூஞ்சி மறந்துபோச்சுன்னியே, அதுக்காக ராத்திரி பூரா கேமரா முன்னாடியே ரோந்து போனேன். படத்துல கேட்டு இருக்கு, செவுரு இருக்கு, நான் மட்டும் இல்ல.

"நட்சத்திரத்துக்கு வெளிச்சம் இருக்கு, நீங்க இருட்டுல நடந்துட்டே இருந்தா படத்துல விழமாட்டீங்கண்ணே, அசையாம நிக்கணும்"னு சிரிக்கிறாரு. காவக்காரன் நின்னா வேலை தங்குமா?

அதுலேருந்து செவுத்துல என் நெழல் விழுதான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். நீ பயப்படாத. நம்ம கல்யாணப் படம் ஒண்ணு அனுப்பு. பாப்பாகிட்ட சொல்லு, அப்பா... இரு, "காவல்ல யாருமில்லையா?"ன்னு மேஸ்திரி கத்துறாரு, நான் இங்கதானே இருக்