கதவுக்கு வெளியே வாய்ப்பாடு

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அங்கே நீயும் உன் பாலமும் சாயாமல் நிற்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தச் செய்தியைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ பாதியில் சிரித்துவிடுவாய். இது எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி. சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, நம் வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, நம் மேனேஜர் ஓர் அந்நியக் கழிப்பறையில் உட்கார்ந்து, வந்த காரியத்தை முடித்து, எழுந்தார்.

திரும்பப் படிக்க வேண்டாம். சரியாகத்தான் படித்தாய்.

நான்கு வயதான நம் சின்னவர் நம் வீட்டுக் கழிப்பறையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அங்கீகரிக்காததால் நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். கடற்கரைக்குப் போய்க் கால் நனைக்காமல் திரும்பினோம். என் தம்பி கல்யாணத்தில் பந்தியில் இலை போட்டதும் ஆட்டோ பிடித்தோம். பெரிய படையெடுப்புகள் பாதியில் திரும்பியதற்குக் குளிரும் பசியும் காரணம் என்று வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிறேன். கூடவே ஒரு சின்னப் பையனும் போயிருப்பான் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

பால வேலைக்கு நீ போய் ஐந்து மாதம். நீ இருக்கும் ஊருக்கு ரயிலில் பதினோரு மணி நேரம். மேனேஜரின் எல்லை இரண்டு மணி நேரம். நடுத்தூண் நிற்கும்வரை உனக்கும் லீவு கிடையாது. "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று நான் போனில் சொல்லும்போதெல்லாம் நீ "சரி" என்பாய். அந்தச் சரிக்கு முன்னால் நீ எடுத்துக்கொள்ளும் நேரமும் எனக்குக் கேட்கும்.

சனிக்கிழமை மிருகக்காட்சி சாலைக்குப் போனது பெரியவளுக்காக. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து வரைய வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்கிறாள். இரண்டு முறை நுழைவாயில் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறோம். இந்த முறை என்னிடம் திட்டம் இருந்தது. மேனேஜருக்கு வேண்டியது நம் வீட்டுக் கழிப்பறையின் நீல பிளாஸ்டிக் மக்குதான் என்று முடிவு கட்டி, அதைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

பெரியவள் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை வரைந்து முடித்து உடம்புக்கு வந்தாள். மேனேஜர் ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்தார். நான் வாய் திறப்பதற்குள் அவள் நோட்டை மூடிவிட்டாள். "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம். கழுத்து வரைஞ்சிட்டேன்ல, அது போதும்." எட்டு வயதுப் பிள்ளை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கேயே பக்கத்தில் வெட்டவெளியைப் பார்த்துக் கதவு வைத்த நான்கு கழிப்பறைகள். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி, மக்கை நிரப்பி வைத்து, அவர் உத்தரவுப்படி தாழ் போடாமல் கதவைச் சாத்தினேன். உள்ளிருந்து, "இருக்கியா?"

"இருக்கேன்டா."

"நீ அங்க இல்ல!" என்று மக்குடன் வெளியே வந்துவிட்டார். மறுபடி உள்ளே அனுப்பினேன். மறுபடி வந்தார், இந்தத் தடவை மக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. அங்கே துப்புரவு பார்க்கும் அம்மா துடைப்பத்தை ஊன்றி நின்று, "சார், போகணுமா வேணாமானு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. பின்னாடி நாலு பேர் நிக்கறாங்க" என்றார்.

அப்போதுதான் பெரியவள் பையை என் கையில் கொடுத்தாள். "நீங்க தள்ளுங்கப்பா. ஒரு தடவ சொன்னா பத்தாது. சொல்லிக்கிட்டே இருக்கணும். அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

தம்பியை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவருகே நின்று ஆரம்பித்தாள். "இருக்கேன். ஒட்டகச்சிவிங்கி தழை திங்குது. இருக்கேன். இப்போ குட்டி வருது. இருக்கேன்டா. குட்டி விழுந்துருச்சு. இல்ல, எந்திரிச்சிருச்சு."

உள்ளே மக்கைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு, "எந்தக் குட்டி?" என்று ஒரு குரல். பிறகு, பதினொன்று நாற்பது.

துப்புரவு அம்மா கை தட்டினார். வரிசையில் நின்ற நான்கு பேரும் தட்டினார்கள். அவர்களுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். மேனேஜர் கையசைத்தபடி வெளியே வந்தார். மத்தியானம் தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் போய் வெற்றியை உறுதிப்படுத்தினார். ஒட்டகச்சிவிங்கிக்கு நான்கு காலும் வந்தன, வாலும் வந்தது. வாசலைச் சாத்தும் நேரத்தில்தான் கிளம்பினோம்.

பஸ்ஸில் பெரியவளிடம் இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வீட்லயும் தெனமும் நான்தானேப்பா சொல்றேன்" என்றாள். தினமும் காலையில் அந்தக் கதவருகே உட்கார்ந்து பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை சத்தமாகச் சொல்கிறாள் என்று உனக்குப் பெருமையாக எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? படிப்பில் அக்கறை என்று நினைத்தேன். சொல்ல வேறு எதுவும் தோன்றாததால் வாய்ப்பாடு சொல்லியிருக்கிறாள். பின் ஏன் இத்தனை நாள் வெளியிடங்களில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க என்னைப் பைய பாத்துக்கச் சொல்லிட்டு அவனைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களே." இந்த வீட்டில் வரலாறு படித்தவன் நான்.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் நாளை வருவதாக இரண்டு வாரமாகச் சொல்கிறார். அதைப் பற்றி இப்போது கவலை இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வந்துவிடு. நான்கு நாள் தங்குவோம்.

ரயிலில் பதினோரு மணி நேரமும் பெரியவள் பார்த்துக்கொள்வாள். அங்கே வந்ததும் அவளுக்கு லீவு. அந்த நான்கு நாளும் கதவுக்கு வெளியே நீ நில். பாலத்தைப் பற்றிச் சொல், வெங்காயம் நறுக்குவதைச் சொல், எதையாவது சொல்லிக்கொண்டே இரு. கேட்கப்போவது உள்ளே இருக்கிற ஒருவன் மட்டும் என்று நினைத்துவிடாதே. நாங்கள் மூன்று பேர்.

இனிமேல் பையைப் பார்த்துக்கொள்ளப் போகும்,
உன் வீட்டுக்காரன்