பவர்செட்டின் இரண்டு முனைகள்

2025 ஜூலை 1, செவ்வாய்

வெள்ளவத்தையில் எங்கள் பவர்செட் ரயில் மேடையைத் தாண்டி ஒரு பெட்டி நீளம் போய் நின்றது. முன்கதவில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் தண்டவாளக் கல்லுக்குள் காலை வைக்கப் போனாள். யாரோ பிடித்து இழுத்தார்கள். ஓட்டியது ரெனால்ட். பின்னால் கார்ட் நான். "மழையில தெரியல்ல மச்சான், எழுதாத" என்றான். இரண்டு தூறல். அதற்குப் பெயர் மழையாம்.

கார்ட் குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஜூலை 2

பவர்செட்டில் ஓட்டும் அறை இரண்டு பக்கமும் உண்டு. பாணந்துறையில் திரும்பும்போது எஞ்சினைக் கழற்றி மாற்றத் தேவையில்லை. அவன் என் முனைக்கு வருவான், நான் அவன் முனைக்குப் போவேன். நடுவில் மேடையில் ஒரு பிளேன்டீ, பாதி பாதி. புறப்பட நான் இரண்டு மணி அடிப்பேன். அவன் பதிலுக்கு இரண்டு, பிறகு சட்டத்தில் இல்லாத ஒன்று – எனக்காக. எட்டு வருசமாக இப்படித்தான்.

இன்று மேடைக் கடிகாரத்தைக் காட்டி நேரம் கேட்டேன். கைக்கடிகாரத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துச் சொன்னான்.

"கண்ணக் காட்டு ரெனால்ட்."

"காட்டினா வேலையால எறக்கிருவாங்க. ரெண்டு புள்ள படிக்குது, தெரியுந்தானே?"

தெரியும். கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டில் எத்தனை நத்தார்ப் பண்டிகைக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 4

ஜும்ஆத் தொழுகையிலும் மனம் நிற்கவில்லை.

ஜூலை 6

மனைவி பைறோஸாவிடம் சொன்னேன். "அந்த ரயில்லதானே நம்மட மகளும் ஸ்கூல் போற?" என்றாள். பிறகு மீன் வெட்டப் போய்விட்டாள்.

ஜூலை 7

மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நடந்ததையும், நான் மறைத்ததையும். நான் என்ன பெரிய யோக்கியனா? அந்தப் பெண் விழுந்திருந்தால்?

ஜூலை 9

ரெனால்டை வேலையால் இறக்கிவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மருதானையில் எதிரே வந்தான்.

"கூட இருந்தே கழுத்தறுத்துட்டாய், நபீஸ்."



ஆகஸ்ட் 12

புது ட்ரைவர் நல்ல மனிதர். டீ குடிக்கமாட்டார். முழுக் கோப்பையும் எனக்குத்தான். பாதியைக் கீழே ஊற்றிவிடுகிறேன்.

ஒக்டோபர் 13

இரண்டு கண்ணிலும் கெட்டரக் புரையை வெட்டி, கண் சோதனை பாஸாகி, ரெனால்ட் வேலைக்குத் திரும்பியிருக்கிறான். என்னைப் பார்க்காமலே முன்முனைக்கு நடந்தான். நான் பின்முனைக்குப் போனேன்.

வெள்ளவத்தையில் மேடைக்கு அளவாக நின்றது. கடைசி ஆள் ஏறும்வரை பார்த்து, இரண்டு மணி அடித்தேன். பதில் இரண்டு வந்தது.

பிறகு இன்னும் ஒன்று.

கார்ட் குறிப்பேட்டில் அதையும் எழுதத்தான் வேண்டும். எழுதமாட்டேன் போ.