கத்தியோடு நிற்கும் பெத்தாச்சி

பழுகாமம்,
மார்கழி

அன்பு மகள் கம்சாயினிக்கு,

மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மழை விட்டு வயல் வட்டைக்குள் வெள்ளம் வடிகிறது, பயிர் தப்பிவிடும். என் முழங்கால்தான் சொல்வழி கேட்பதில்லை, அதை விடு, எனக்கு இப்போது வேறு விஷயம் தலைக்குள் ஓடுகிறது.

நம் வட்டைக்குப் போகும் வழியில் இருந்த பழைய நெற்களஞ்சியத்தை வெள்ளையடித்து, இங்கே முதன்முதல் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு ஒரு நூதனசாலை வைத்திருக்கிறார்கள். உன் மச்சான் திவாகரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனான். கண்ணாடிக்குள் கலப்பை, மண்வெட்டி, நெல் அளக்கும் மரைக்கால், பாதிச் சாமான் நம் கொட்டிலில் கிடக்கிறது, அதைக் காசு கொடுத்து ரிக்கற் எடுத்துப் பார்த்த ஆள் நான்தான். ஒரு படத்துக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. கோடரியோடு ஐந்து ஆண்கள், அவர்களுக்கு நடுவில் காட்டுக்கத்தியோடு ஒரு பெண். நான் மாப்பிள்ளையாக வந்தபோது உன் அம்மா வீட்டு மண்டபத்தில் தொங்கிய அதே படம், சூறாவளியோடு போனது, யாரிடமோ இன்னொரு பிரதி இருந்திருக்கிறது. ஆண்கள் எல்லாருக்கும் பெயர் எழுதியிருக்கிறது. அவளுக்குக் கீழே ‘பெயர் தெரியாத பெண்’ என்று இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே பொறுப்பாய் நிற்கும் ஏறாவூர்ப் பிள்ளை றுமைஸாவிடம், இது எங்கட வீட்டுப் பொம்பிளை, எழுதுங்க என்றேன். பேரைச் சொல்லுங்க ஐயா என்று பேனையை எடுத்தாள். பெத்தாச்சி என்றேன். அவளும் எழுதிவிட்டாள். மாமா, அது பேரா, எல்லார் வீட்டிலயும் ஒரு பெத்தாச்சி இருக்காவே என்று திவாகரன் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டி முறை என்று அந்த வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் சொன்னார்கள். வீடும் குடியும் தாய்வழியில் போகிற ஊரில், வந்த மருமகனுக்கு உறவுமுறையைச் சொல்லிக் கொடுப்பார்கள், பெயரை யார் சொல்வார்கள்? நானும் கேட்கவில்லை.

உனக்குத் தலை வாரும்போது அம்மா பெத்தாச்சியின் கதையெல்லாம் சொல்வாள், நான் வந்தால் நிறுத்திவிடுவாள். யோசித்துப் பார் மகள், அதில் பெயர் வந்ததா? தைப்பொங்கலுக்குள் சொன்னால் மாற்றி எழுதலாமாம், பிறகு சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். அம்மாவும் போய்விட்டாள், இனி அதைக் கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன கிழமை பேத்தியிடம் போனில், உன் அம்மம்மாவின் பெயர் என்ன என்று விளையாட்டாய்க் கேட்டேன். அம்மம்மா என்றாள். பிள்ளையை ஏசாதே, நானும் அதே பதிலைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நேசம்மா என்று சொல்லிக் கொடு.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு பேத்தியை வெளியே விடாதே. பிள்ளையார் உங்களைக் காப்பார். எப்போதும் அப்பா என்று மட்டும்தான் கையெழுத்து வைப்பேன், இந்த முறை முழுதாய் வைக்கிறேன், அவளுக்கு வாசித்துக் காட்டு.

உன் அப்பா,
கந்தப்போடி தம்பிராசா