எமகண்டத்துக்குக் கீழே ஒரு வரி

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் புகை நாற்றம். காட்டுத்தீ இல்லை, பதறாதே. கோடை வருவதற்குள் காய்ந்த புதர்களைக் கொளுத்திவிடுகிறார்களே, அந்தப் புகைதான். நான் ஜன்னலைச் சாத்துவதற்குள் என் வீட்டுக்காரர் ஈரத் துணிக்கூடையோடு சமையலறை நாட்காட்டியின் முன்னால் போய் நின்றார். "புகைக்காலம் அஞ்சு மணிக்குத்தான் முடியுது. அதுக்கப்புறம் காயப் போடுறேன்" என்றார்.

இவர் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிற மனிதர். அந்தப் 'புகைக்காலம்' வரியை நீ என்ன கடுப்பில் எழுதினாய் என்று முழுக்கதையும் தெரிந்தவர். எனக்கு வந்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் நீ இல்லையே என்று அழுகை வந்துவிட்டது. மனிதர் மிரண்டுபோய்த் துணிகளை ஹாலிலேயே விரித்துப் போட்டுவிட்டார். இப்போது சோபா மேலெல்லாம் பனியன். அதற்கு நடுவில் உட்கார்ந்துதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

நீ போன பிறகு நடந்த ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் பிடிக்கும்.

சிட்னியின் பென்டில் ஹில்லில் அந்த அச்சகத்தில் நாம் இரண்டு பேர்தான் டிசைனர்கள். திருச்சியிலிருந்து நான், யாழ்ப்பாணத்திலிருந்து நீ. முதல் நாளே என்னை "நீர்" என்று கூப்பிட்டாய். ஏதோ ராஜசபையில் நிற்கிற மாதிரி எனக்கு ஒரே கூச்சம். "இஞ்ச வாரும், இந்தத் தாமரையைப் பாரும். இதுக்கு மேல ஒரு லட்சுமியை இருத்தினா லட்சுமிக்கு இடுப்பு நோகும்" என்றாய். அன்றைக்கே ஒட்டிக்கொண்டோம். கல்யாணப் பத்திரிகை, சாமத்திய வீடு என்று நீங்கள் சொல்லும் மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், மளிகைக்கடைத் துண்டறிக்கை என்று நாம் போடாத தாமரை இல்லை.

உனக்குத் தொய்வு இருந்தது. நாங்கள் ஆஸ்துமா என்போம். அந்தப் பெரிய காட்டுத்தீ எரிந்த வருஷம் வானம் ஆரஞ்சு நிறமானபோது புகை நெஞ்சுக்குள் புகுந்தது, பிறகு வெளியே போகவே இல்லை என்பாய். அப்படியிருக்கும்போதுதான் நம் பக்கத்துக் குடியிருப்பை ஒட்டிக் குப்பை எரிக்கும் ஆலை ஒன்று வரப்போவதாகத் தபால்பெட்டியில் ஒரு வழவழப்பான தாள் விழுந்தது. அதிநவீனத் தொழில்நுட்பம், மேலே நீல வானம், பட்டம் விடும் ஒரு குழந்தை. நீ அந்த வானத்தை விரலால் சுண்டினாய். "இது வானமில்லை, பெயின்ட். எந்தப் படுபாவி டிசைன் பண்ணினவன்?"

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரச் சொல்லி ஊரையே கூப்பிட்டாய். எல்லாரும் "ஓம் ஓம், வாறம்" என்றார்கள். நம் ஆட்களில் போனது நாம் இரண்டு பேர்தான். வருகிறவர்களுக்கென்று நீ சுட்டுக்கொண்டுவந்த வடையை அதிகாரிகள் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். திரும்பும்போது காரில் சொன்னாய்: "சனம் வராட்டிப் பரவாயில்லை. ஆராவது ஒரு ஆளுக்குக் கோவம் வரவேணும். ஒரே ஒரு ஆளுக்கு. அது காணும் எனக்கு."

அந்த ஒரு ஆளைத் தேடித்தான் நீ வருங்காலத்தை வரைய ஆரம்பித்தாய். காற்றும் தண்ணீரும் கெட்டுப்போய், கருவிகளின் தயவில் மனிதர்கள் மூச்சுவிடும் ஒரு சிட்னி. ஆனால் இடிந்த கட்டடங்களும் இரும்பு மனிதர்களும் உனக்குப் பிடிக்காது. அந்தச் சிட்னியில் நம் அச்சகத்துக்கு என்ன ஆர்டர் வரும் என்பதை வரைந்தாய். பத்துக் கிலோ அரிசி வாங்கினால் ஒரு போத்தல் காற்று இலவசம். சாமத்திய வீட்டுக்கு வருவோருக்குச் சேலை நிறத்திலேயே முகமூடி வழங்கப்படும். மணமகன் தேவை விளம்பரத்துக்குப் பதிலாக ஒரு மணமகனின் விளம்பரம்: சொந்தமாக நான்கு அறை வீடு, சொந்தமாக இரண்டு நுரையீரல்.

தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் அவற்றை மாட்டினோம். ஒரு அம்மா அந்த மணமகன் முன்னாலேயே வெகுநேரம் நின்றார். நீ என் கையைக் கிள்ளினாய். "பாரும், பாரும், உறைச்சுப்போச்சு." அவர் நம்மிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "இந்தப் பொடியன் இன்னும் கலியாணம் கட்டேல்லையோ?" என்று கேட்டார். அடி பாவி, அப்போது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கடைசியாகச் செய்ததுதான் அந்த நாட்காட்டி. மளிகைக்கடைக்கு நாம் வருஷா வருஷம் போட்டுக்கொடுக்கும் தினசரி நாட்காட்டியை அப்படியே எடுத்து, ராகுகாலம், எமகண்டம் என்ற வரிகளுக்குக் கீழே 'புகைக்காலம்' என்று ஒன்றைச் சேர்த்தாய். வெளியே வந்து மூச்சுவிடக் கூடாத நேரம். ஜனவரி முதல் தேதி பத்தே நிமிஷம். பிறகு தாளுக்குத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போய், டிசம்பர் கடைசியில் விடியலிலிருந்து விடியல்வரை. ஒரு பிரதி மட்டும் அடித்து அடுத்த கண்காட்சியில் மாட்டுவதாக இருந்தாய்.

நம் முதலாளி கடைக்கான அசல் என்று நினைத்து அந்தக் கோப்பைத்தான் அச்சுக்கு அனுப்பிவைத்தார். கடைக்காரர் மாதிரித் தாளை வாங்கிப் பார்க்கத்தான் செய்தார். நம் ஆட்கள் நாட்காட்டியில் பிழை திருத்துவது உனக்குத் தெரியாதா? கடையின் பெயர் பெரிதாக இருக்கிறதா, முருகனின் காலை டெலிபோன் நம்பர் மறைக்காமல் இருக்கிறதா, அவ்வளவுதான். முருகனின் கால் நன்றாகத் தெரிந்தது. நாட்காட்டி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நீயோ துள்ளிக் குதித்தாய். "இனிப் பாரும், ரெலிபோன் அடிக்கப்போகுது. சனம் கேக்கப்போகுது." அடித்தது. நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை புதுக் கார் எடுக்கிறம். ராகுகாலம் கழிஞ்சுது, ஆனா புகைக்காலம் தொடங்குது. எடுக்கலாமோ?"

உன் தெருவின் முனைவீட்டு அன்ரி. அவர் தலையாட்டாமல் அந்தத் தெருவில் ஒருவரும் பால் காய்ச்சியது கிடையாது. "அன்ரி, புகைக்காலம் எண்டா என்னெண்டு தெரியுமே?" என்றாய்.

"அது கூடாத நேரம்தானே. புதுசாக் கண்டுபிடிச்சிருக்கினம் போல."

"ஏன் அப்பிடி ஒண்டு வந்ததெண்டு யோசிக்கேல்லையோ?"

"ஏனெண்டு ராகுவையே நாங்கள் கேக்கேல்லை, பிள்ளை. காரை எடுக்கவோ வேண்டாமோ, அதைச் சொல்லு."

வாரத்துக்கு வாரம் கேள்விகள் வந்தபடி இருந்தன. புகைக்காலத்தில் வாங்கிய வீட்டுக்குப் பணம் கட்டிச் சாவி வாங்கும் செட்டில்மென்ட் வைக்கலாமா, விசாவுக்கு விண்ணப்பிக்கலாமா? கோடைக்குக் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் டே லைட் சேவிங் வந்தால் ஒரு மணிநேரம் தள்ளிப் பார்க்க வேண்டுமா? நீ மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டாய். "விசர்ச் சனம்! நரகத்துக்கு நேரம் குறிச்சுக் குடுத்தாலும் குளிச்சுப்போட்டு வந்து வரிசையில நிக்குங்கள்!" நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய், சிரித்து இருமினாய், இருமலோடு மூச்சுமருந்து பஃபரைத் தேடினாய். நான் சிரித்துக்கொண்டேதான் உன் கைப்பையைத் துழாவி அதை எடுத்துத் தந்தேன். அது உன் கடைசிக் குளிர்காலம் என்று யாருக்குத் தெரியும்?

செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் நீ கேட்டது அதைத்தான். "ஆராவது கண்டுபிடிச்சினமோ? நேரம் கூடிக்கூடிப் போறதை?" இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், உனக்குப் பிடிக்காது. "சரி விடும், டிசம்பர் இருக்குதுதானே" என்றாய். நீ டிசம்பர்வரை இருக்கவில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். போன சனிக்கிழமை முனைவீட்டு அன்ரி அச்சகத்துக்கே வந்துவிட்டார். கையில் நாட்காட்டி, மூச்சு வாங்குகிறது, கண்ணெல்லாம் சிவப்பு. டிசம்பர் கடைசியில் பேரனின் பிறந்தநாளைப் பூங்காவில் கொண்டாட நேரம் பார்த்திருக்கிறார். நேரம் அகப்படவில்லை. ஒரு தாளை விட்டு இன்னொரு தாள், ஒரு வாரத்தை விட்டு இன்னொரு வாரம் என்று பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

"தை மாசம் பத்து நிமிசம் இருந்தது. மார்கழிக் கடைசியில நாள் முழுக்க. ஆர் இதைக் கூட்டினது?"

"கற்பனை ஆன்ட்டி, வருங்காலம் இப்படி ஆயிடும்னு சும்மா ஒரு..."

"எது கற்பனை? அவன்ர பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட பிள்ளையளில நாலு பேர் தொய்வுக்குப் பம்ப் அடிக்குதுகள். எங்கட காலத்தில ஆருக்கு இருந்தது? பூமியில ஒரு குழந்தை வெளியில நிண்டு கேக் வெட்ட நேரமில்லையெண்டா, அதை அச்சடிச்சுக் குடுத்தா, நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" மேசையில் ஓங்கி அடித்தார். முதலாளி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "இதைச் செய்த ஆளைக் கூப்பிடு. நான் கதைக்கவேணும்."

அவங்க தவறிட்டாங்க ஆன்ட்டி, என்றேன். யார் என்று சொன்னேன். அவர் உன் செத்தவீட்டுக்கு வந்தவர்தான், ஆனால் நாட்காட்டி செய்தது நீ என்று அவருக்குத் தெரியாது. கையிலிருந்த நாட்காட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். கோபம் தணிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. தணியவில்லை, நல்லவேளை.

"அப்ப நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? நீ சொல்லு."

ஆலை விஷயத்தைச் சொன்னேன். வருகிற வியாழக்கிழமை கவுன்சிலில் அதைப் பற்றி இன்னொரு கூட்டம் இருக்கிறது. அன்ரி தெரு முழுக்கப் போன் போட்டுவிட்டார். வராதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இனித் தான் நேரம் பார்த்துத் தரமாட்டாராம். முப்பது பேராவது வருவார்கள் போலிருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ கேட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார், பெண்ணே.

ஆனால் இங்கிலீஷில் பேச வேண்டியது நான்தான் என்று முடிவாகிவிட்டது. என்னைத் தெரியுமே உனக்கு. கடையில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கமாட்டேன். நேற்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். குரல் உயர்ந்துகொண்டே போனது, கை தானாக ஆடியது. வீட்டுக்காரர் ஓடிவந்து, "யாரைத் திட்டுற?" என்று கேட்டார். இத்தனை கோபம் எனக்கு எப்போதும் வந்ததே இல்லை. உன்னிடமிருந்து வந்ததுதான். வியாழக்கிழமை அதை அப்படியே கொண்டுபோகிறேன்.