ஆறாவது விண்மீனின் ஆக்சிஜன்

மார்ச் 4

இன்றும் மசியவில்லை. விண்வெளியில் ஒரே வாயு முகிலில் பிறந்த ஆறு வெப்ப விண்மீன்கள். ஐந்தில் ஆக்சிஜன், சிலிக்கான், நைட்ரஜன் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆறாவதில் மட்டும் எல்லாமே பாதி. ஒளியை நிறமாலையாக விரித்து, அதில் தெரியும் கருங்கோடுகளின் ஆழத்தை வைத்துத்தான் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்கிறேன். ஆறுக்கும் அதே கணக்குதான். கூடப்பிறந்ததுகளோடு ஒட்டாமல் இது மட்டும் ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது?

மார்ச் 6

நான் அனுப்பிய கட்டுரைக்கு ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஆறாவதின் முடிவு நம்பும்படி இல்லை, அது தவறென்றால் மற்ற ஐந்தை எதை வைத்து நம்புவது?

கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் மோசம். அவர் கேட்டது நியாயம். இந்தக் கணக்கு முறையை உருவாக்கத்தானே இத்தனை வருடம் செலவழித்தேன். அது பொய்த்தால் என் கையில் என்ன மிஞ்சும்?

என் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். ஆறில் ஐந்து சரியென்றால் தன் வகுப்பில் அதுதான் முதல் மதிப்பெண் என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார், பாவம். எரிந்து விழுந்துவிட்டேன்.

மார்ச் 7

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். எங்களுக்கெல்லாம் அவர் வெறும் 'சார்'.

"அந்த ஒண்ணை எடுத்துட்டு அனுப்பிடும்மா. அஞ்சு போதும்."

"எடுத்துட்டா அது காணாமப் போயிடுமா சார்? அங்கதானே இருக்கும்."

பேசியபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 11

கணக்கில் ஆறாவதின் வெப்பநிலையை மாற்றிப் பார்த்தேன். ஈர்ப்பை மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 13

ஒரு தனிமம் மட்டும் குறைந்தால் அதற்கென்று ஒரு காரணம் தேடலாம். எல்லாமே சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து குறைந்தால்? பாலில் தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். இங்கே தண்ணீர் எது — வேறு ஏதோ ஒளியா?

ஒரு இரவின் ஒளி எங்களுக்குப் போதாது. கோடெல்லாம் தாறுமாறான ஏற்ற இறக்கங்களில், நாங்கள் இரைச்சல் என்போம், மூழ்கிக் கிடக்கும். அதனால் நாலைந்து இரவுகளின் நிறமாலைகளை ஒன்றாகக் கூட்டிவிடுவோம். கோடுகள் பளிச்சென்று வந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். இன்று அந்தக் கூட்டலைப் பிரித்தேன்.

ஒரு இரவில் ஹீலியம் கோட்டின் இடப்பக்கம் தோள்போல் ஒரு சின்னப் புடைப்பு. இன்னொரு இரவில் அதே புடைப்பு வலப்பக்கம்.

இரண்டு விண்மீன்களா? ஒன்றையொன்று சுற்றுகிறதா? சுற்றும் விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் கோடு ஒரு பக்கமும், விலகும்போது மறுபக்கமும் நகரும். கூட்டிக் கூட்டி அந்த அசைவை நானே மழுங்கடித்துவிட்டேனா? இருக்கட்டும். இரைச்சலில் ஆசைப்பட்டதெல்லாம் தெரியும். தெளிவான ஒரு நிறமாலை வேண்டும்.

மார்ச் 14

தொலைநோக்கி நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பவரைக் கஞ்சன் என்றுதான் சொல்வோம், அவர் காதில் விழாமல். ஆறாவதைத் திரும்பப் பார்க்க நேரம் கேட்டேன். ஒரு மணி நேரம் தருவாராம்; மேகம் வந்தால் அது என் பாடாம்.

மார்ச் 17

மேகம்.

மார்ச் 20

காலையில் கணினியைத் திறந்தால் கோப்பு வந்திருக்கிறது. கஞ்சன் இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறார்! இனி அந்தப் பெயரைச் சொல்லமாட்டேன்.

சந்தேகமே இல்லை, இரண்டுதான். ஒன்றின் கோடுகள் மெலிந்து கூர்மையாக இருக்கின்றன. மற்றது வேகமாகச் சுழல்வது, அதன் கோடுகள் அகன்று வெளிறிக் கிடக்கின்றன. அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. தன் ஒளியை மட்டும் சத்தமில்லாமல் கலந்துகொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 24

இரண்டாவதின் ஒளியைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். ஆக்சிஜன் மேலே வந்தது, சிலிக்கான் வந்தது, நைட்ரஜனும் வந்தது. மற்ற ஐந்தோடு வந்து உட்கார்ந்துகொண்டன.

என் முறை சரி. அது சரியாகத்தான் இருந்தது. கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மனதிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன், வகுப்பில் இருந்தார். பரவாயில்லை என்று அப்படியே சொல்லிவிட்டேன். பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சல் எனக்காகவே போட்டதுபோல் இருந்தது.

மார்ச் 25

அசந்து தூங்கியிருக்கிறேன். எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 22

நேற்று கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஆறு விண்மீன்களோடும். இல்லை, ஏழு.

இன்று மதியம் சார் என் அறைக்கே வந்தார். கூப்பிட்டு அனுப்புவாரே தவிர, வரமாட்டார். உட்காரவில்லை. மேசைமேல் ஒரு பென்டிரைவை வைத்தார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த விண்மீனின் நிறமாலைகள் அதில் இருக்கின்றன. உலோகம் குறைந்த விண்மீன் (ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமமும் எங்களுக்கு உலோகம்தான்) என்று பாடப்புத்தகத்திலேயே ஏறிவிட்ட ஒன்று.

"எல்லா ராத்திரியையும் கூட்டித்தான் போட்டேன். நீ பிரிச்சுப் பாரும்மா."

"வேற மாதிரி வந்தா என்ன சார் பண்றது?"

"வந்தா வரட்டும். முதல்ல எனக்குச் சொல்லு."

போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு முதல் இரவைத் திறந்தேன்.