மெனுவில் ஒரு ‘பார்வை’

சிதம்பரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள வெண்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் சளி விட்டதா? புனே குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடாதே. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ வடிவமைத்த மென்பொருள், நான் வேலை பார்க்கும் கடலூர் கண் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரமாகிறது. தினமும் கடலூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு ஆரோக்கியம்மாள் நினைப்புதான். இருபத்திரண்டு வருஷமாகக் கவுண்டரில் இருப்பவர், நோட்டில் ‘பார்வை’ என்ற கட்டத்தின் கீழ்தான் வலது, இடது என்று கண் அளவை எழுதிப் பழகியவர். இப்போது திரையின் மேல்வரிசை மெனுவில், ஆங்கில ‘வியூ’வுக்கு நீ வைத்த ‘பார்வை’ என்ற சொல்லைக் கண்டதும் கை அங்கேதான் போகிறது. அழுத்தினால் எழுத்து பெரிதாகிறது, சிறிதாகிறது, கண் அளவு வருவதில்லை, அது நான்காவது டேப்பில் ‘விவரங்கள்’ என்ற பெயரில் இருக்கிறது. பேஷண்டுக்குத்தான் கண்ணு தெரியலன்னா இந்தப் பொட்டிக்குமா தெரியலன்னு சிரிக்கிறார், வரிசையோ வாசல்வரை நிற்கிறது. ஒண்ணாந்தேதிக்குள்ள அவுங்களுக்குக் கை பழகலன்னா ஃபைல் ரூமுக்கு மாத்திடுவேன்னு மேனேஜர் சபாபதி சொல்லிவிட்டார். அன்று ஆரோக்கியம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

காட்டுமன்னார்கோவில் பஸ்ஸில் கடலூர் போர்டை மாட்டினால் ஏறினவர் மேலா குற்றம்? உன்னை மட்டும் சொல்லவில்லை. இந்தச் சொற்களை முதலில் எனக்குத்தான் அனுப்பினாய், நல்ல தமிழாக இருக்கிறதென்று மகிழ்ந்து சரி என்றேன். எழுத்துப்பிழை பார்த்தேனே தவிர, ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்து படித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கண் அளவை முதல் டேப்பில் வைத்து அதற்குப் ‘பார்வை’ என்று பெயர் வை. மேலே இருப்பதை ‘எழுத்தின் அளவு’ என்று மாற்றிவிடு. உன் மேலதிகாரி சின்ன விஷயம் என்பார், விடாதே.

இது என் மகள் செய்தது என்று ஆரோக்கியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி அவர் ‘பார்வை’யைத் தொட்டு வலது, இடது வந்தால் உடனே சொல்வேன். வராவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும், ஃபைல் ரூம் வாசலில் நின்று.

நடராஜர் துணையிருப்பார், நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான்.

அன்புடன் அம்மா,
கார்த்யாயினி